ரீஸ் விசாரணை: கலிஃபோர்னியாவில் மருந்தை மறுத்த பிறகு

5150 ஹோல்டில் (மனநல நெருக்கடியில் ஒருவரை அவர் சம்மதமின்றி மருத்துவமனையில் பிடித்து வைப்பது) வைத்தாலே மருந்தும் கொடுத்துவிடலாம் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அப்படியில்லை. 72 மணி நேர 5150-இல் இருப்பவரும் சரி, அதை நீட்டிக்கும் அடுத்த 14 நாள் 5250-இல் இருப்பவரும் சரி, ஆன்டிசைக்கோட்டிக் மருந்தை (மனப்பிறழ்வு அறிகுறிகளுக்கான மருந்து) மறுக்கலாம். 1987-இல் ரீஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை இது.

மறுப்பை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பினால் "மறைத்தார்" என்றுதான் சார்ட்டில் ஏறும். "ஹாலோபெரிடால் வேண்டாம், போன முறை தாடை இழுத்துக்கொண்டது" என்று நர்ஸிடம் காரணத்தோடு சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் திரும்பப் பெறலாம். ஆனால் தினமும் லோராசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து எடுத்தவர் கோபத்தில் அதையும் சேர்த்து நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம்.

அவசரநிலை மட்டும் விதிவிலக்கு. நிலைமை திடீரென்று மாறி, உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து வந்து, சம்மதம் கேட்க வழியில்லை என்றால் ஊசி போடலாம். கத்தினார், ஒத்துழைக்கவில்லை என்பதெல்லாம் அவசரநிலை ஆகாது.

மறுத்த பிறகும் மருந்து கொடுக்க மருத்துவமனை மனு போட்டால் 72 மணி நேரத்துக்குள் அங்கேயே ரீஸ் விசாரணை நடக்கும். நோயாளி உரிமை அட்வகேட்டோ வழக்கறிஞரோ உடன் நிற்பார். விசாரணை அதிகாரி பார்ப்பது இவைதான்: தன் நிலை தெரிகிறதா, மருந்தின் நன்மை தீமையும் மாற்று வழியும் புரிகிறதா, அதை வைத்து யோசித்து முடிவெடுக்க முடிகிறதா. பலரும் சறுக்குவது முதல் கேள்வியில். "எனக்கு ஒன்றுமேயில்லை" என்று சொன்னால் பக்கவிளைவு பற்றிய நியாயமான பயம்கூட எடுபடாது. "தூக்கம் போனது உண்மை, குரல் கேட்பதும் உண்மை, இந்த மருந்தில் கை நடுங்குகிறது, வேறு மருந்து பேசலாம்" என்பவரை யோசிக்கத் தெரியாதவர் என்று சொல்வது கடினம். நிரூபிக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது.

14 நாள் பிடித்து வைப்பது சரியா என்று பார்க்கும் 5250 விசாரணை இதிலிருந்து வேறு. நான்கு நாளுக்குள் நடக்கும். முந்தைய 24 மணி நேரத்தில் மருந்து கொடுத்திருந்தால் அதையும் அதன் விளைவையும் அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். மருந்து மயக்கத்தில் தலை தொங்குவதை நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் அது பெரிய அநியாயம். யாரும் சொல்லாவிட்டால் அட்வகேட்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

தமிழில்தான் சரளமாகப் பேச வருமென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். வீட்டாரை அந்த வேலைக்கு விடாதீர்கள்; ஆம்புலன்சை அழைத்தவரே அவராக இருக்கலாம். ரீஸில் தோற்றாலும் உயர்நிலை நீதிமன்றத்துக்கு (சுப்பீரியர் கோர்ட்) மேல்முறையீடு உண்டு. மருந்து கொடுக்கலாம் என்ற அந்த உத்தரவு அந்த ஹோல்டோடு முடிந்தது. அடுத்த முறை பிடித்து வைத்தால் மருத்துவமனை மறுபடி மனு போட்டாக வேண்டும்.