இழைகளைத் திருப்பியது மருந்தா, லேசரா?

ஒரு வேதிப்பொருள் தாவர செல்லின் மைக்ரோடியூபுல்களை, அதாவது செல்லுக்குள் இருக்கும் மெல்லிய புரத இழைகளை, என்ன செய்கிறது? முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது. அந்த இழைகளைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தோடு பச்சை ஒளிர்புரதம் இணைத்த, அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியின் நாற்றை இருட்டில் வளர்த்தேன். அப்படி வளர்த்தால் ஹைப்போகோட்டில் (விதையிலைக்குக் கீழுள்ள இளந்தண்டு) செல்கள் நன்றாக நீளும், பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வும் குறுக்கே வராது.

மருந்து கொடுத்துவிட்டு, வேகமாகப் படமெடுக்கும் ஸ்பின்னிங் டிஸ்க் நுண்ணோக்கியில் 488 நானோமீட்டர் லேசரை வைத்து 5 நொடிக்கு ஒரு படம் எடுத்தேன். குறுக்கே வளையம் வளையமாகக் கிடந்த இழைகள் அரை மணி நேரத்துக்குள் நீளவாக்கில் திரும்பிவிட்டன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வழிகாட்டி படத்தை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "மருந்தே இல்லாம வெறும் லேசரை மட்டும் காட்டிப் பார்த்தியாப்பா?" என்றார்.

பார்த்தேன். அப்போதும் திரும்பின.

488 என்பது நீல ஒளி. இருட்டில் வளர்ந்த நாற்றில் நீல ஒளியை உணரும் ஃபோட்டோட்ரோபின் என்ற புரதம் அதை உணர்ந்ததும், இழைகள் குறுக்கிடும் இடங்களில் கட்டானின் என்ற புரதம் அவற்றைத் துண்டிக்கிறது. துண்டான முனைகள் வளர்ந்து நீளவாக்கு இழைகள் பெருகுகின்றன. 2013-லேயே இது ஆய்வுக் கட்டுரையாக வந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. மூன்று வார வேலை வீண்.

அப்புறம் சிவப்பு ஒளிர்புரதம் இணைத்த நாற்றுக்கு மாறி, நீலம் அல்லாத 561 நானோமீட்டர் லேசரில் எடுத்தேன். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நம்பலாம். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை மட்டும் கொடுத்த நாற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க தினமும் கூடவே வைத்தேன். நாற்றின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பை அழுத்திவிடாதீர்கள். படமெடுத்து முடித்ததும் சாதாரண வெளிச்சத்தில் செல்லுக்குள் இருக்கும் திரவமான சைட்டோபிளாசம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓட்டம் நின்றிருந்தால் அந்த செல்லின் தரவைத் தூக்கிப் போட்டுவிடலாம். டியூபுலினுக்குப் பதில், இழைகளில் ஒட்டும் புரதப் பகுதியான எம்பிடியில் ஒளிர்புரதம் இணைத்த ரகம் பளிச்சென்று தெரியும் என்று ஆசைப்படாதீர்கள். அது இழைகளையே இறுக்கிப் பிடித்து நிலைப்படுத்தும். உங்கள் கேள்வியே இழை நிலைத்தன்மை என்றால் என்ன செய்வீர்கள்?

இழைகளின் வளர்ச்சி வேகத்தை அளக்க, ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் கைமோகிராஃப் (நேரத்துக்கு எதிராக இழை முனையின் இடத்தைக் காட்டும் படம்) போதும். கோட்டின் சாய்வுதான் வேகம்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என்னைத் திணறடித்த கேள்வி வேறு: "படத்தில் தெரியும் இந்தக் கோடு ஒரே மைக்ரோடியூபுலா, பல சேர்ந்த கட்டா?" ஒரு மைக்ரோடியூபுலின் விட்டம் 25 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கியிலோ எல்லாமே 200 நானோமீட்டருக்கு மேல் தடிமனாகத்தான் தெரியும். அகலத்தை வைத்துச் சொல்ல முடியாது, வெளிச்சத்தின் அளவை ஒப்பிட்டு ஊகிக்கலாம் என்றேன். "அளந்தீர்களா?" என்றார். இல்லை. நீங்கள் அளந்து வைத்துக்கொண்டு போங்கள்.