ஊசியும் மாத்திரையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

தம்பிக்கு வலிப்பு வந்தால் கை கால் இழுக்காது. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்பான். அடுத்த நொடி பார்வை ஒரே இடத்தில் நின்றுவிடும். வாய் சப்புக்கொட்டும், கை சட்டைப் பட்டனைத் தடவிக்கொண்டே இருக்கும். ஒன்றரை நிமிடம். தெளிந்ததும் "எதுக்குக்கா இப்படிப் பாக்க?" என்பான். எம்ஆர்ஐயில், மூளையில் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இடது பக்கம் சுருங்கித் தழும்பாகியிருந்தது. இரண்டு வயதில் காய்ச்சலோடு முக்கால் மணி நேரம் இழுத்ததன் மிச்சமாக இருக்கலாம் என்றார் டாக்டர். கார்பமசெபின் மாத்திரையில் நிற்கவில்லை. லெவெடிராசிட்டம் சேர்த்த பிறகும் மாதம் நாலைந்து முறை வந்தது.

அப்போதுதான் நாகர்கோவிலில் தெரிந்தவர் ஒருவர் ஒரு அக்குபஞ்சர் ஹீலரிடம் அனுப்பினார். ஊசி குத்தினால் நரம்பு செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் மூளையில் கூடும் என்று அந்த ஹீலர் ஒரு அச்சடித்த தாளைக் காட்டினார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சுருங்கியுள்ளது' என்று படித்த வீட்டுக்கு வேறென்ன வேண்டும்? "மாத்திரையை விட்டாத்தாம்மா ஊசி வேலை செய்யும்" என்றார். விட்டோம். அதற்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை.

நான்காம் நாள் விடியற்காலை குளியலறையில் விழுந்தான். இந்த முறை உடம்பு முழுக்க இழுத்தது. நின்றது, நினைவு திரும்புவதற்குள் மறுபடி இழுத்தது. அம்மா கையில் சாவியோடு ஓடி வந்தாள். நான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழைத்தேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலே அவசர நிலை என்பதும், பழகிய மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித் தொடர் வலிப்பு வரக்கூடும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளில் இருந்ததைத் தேடிப் படித்தேன். விஷயம் பொய்யில்லை. ஆனால் எல்லாம் எலி. பைலோகார்பினோ கைனிக் அமிலமோ கொடுத்து எலிக்கு வலிப்பு மூட்டுகிறார்கள். உச்சந்தலையில் பைஹுய், முழங்காலுக்குக் கீழே ஜூசான்லி போன்ற புள்ளிகளில் ஊசி குத்தி, லேசாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பிறகு ஹிப்போகாம்பஸைச் சீவி எடுத்துப் பார்க்கிறார்கள். பாக்ஸ் என்ற புரதம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை போடும். அதிலிருந்து கசிவது காஸ்பேஸ்-3 என்ற நொதியைத் தட்டியெழுப்ப, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். பிசிஎல்-2 என்ற இன்னொரு புரதம் அதைத் தடுக்கும். ஊசி குத்திய எலிகளில் பிசிஎல்-2 கூடி, காஸ்பேஸ் குறைந்து, பிழைத்த செல்கள் அதிகம் என்கின்றன அந்த ஆய்வுகள்.

இதை நரம்பியல் டாக்டரிடமே கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், சிரித்தார். "எலிக்கு அடிபட்டது நேத்து. உங்க தம்பிக்கு 22 வருஷம் முந்தி. சாகப்போற செல்லைக் காப்பாத்தலாம், செத்ததை எந்தப் புரதம் எழுப்பும்?" பிறகு, "மூளைப் புரதம்தான் வேணும்னா, நீங்க நிறுத்தின லெவெடிராசிட்டமும் எஸ்வி2ஏ-ங்கிற மூளைப் புரதத்தைத்தான் பிடிக்குது" என்றார். மனிதர்களிடம் செய்த சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் தொகுத்திருக்கிறது: 17 சோதனைகள், 1,538 பேர். பெரும்பாலும் சின்னவை, நடத்திய முறையிலும் ஓட்டை. வலிப்புக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைக்க இது போதாது என்பதே முடிவு.

ஆனாலும் தம்பிக்கு ஆசை விடவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையில் கை வைக்காமல், பட்டம் பெற்ற ஒரு இயற்கை மருத்துவரிடம் வாரம் இரண்டு நாள் போனோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தின ராத்திரி தூக்கம் என்று எழுதினேன். ஊசிக்கு முந்தைய மூன்று மாதத்தில் 13. ஊசியோடு மூன்று மாதத்தில் 12. ஒரு ஆளின் நோட்டு ஆய்வாகாதுதான், ஆனால் எங்களுக்கு அது போதும். தூக்கம் மட்டும் நன்றாக வந்தது. ஊசியோடு படுத்த இருபது நிமிடத்திலேயே குறட்டை விடுவான்.

சரியான இரண்டு மருந்துக்கும் கட்டுப்படாவிட்டால் அது மருந்துக்கு மசியாத வலிப்பு. இது 2010இல் வந்த வரையறை. அந்தச் சொல்லோடுதான் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனைக்கு ரயில் ஏறினோம். 1995 முதல் அங்கே வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். தலையெங்கும் வயர் ஒட்டி, எதிரே கேமரா வைத்து, மூளையின் மின் அலைகளையும் ஆளையும் சேர்த்துப் பதியும் வீடியோ இஇஜி. வலிப்பு வந்தால்தானே பிடிக்க முடியும் என்று மாத்திரையைக் குறைத்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் இங்கே கையில் மருந்து ஏற்றும் ஊசிவழி தயாராக இருந்தது, பக்கத்தில் நர்ஸ், தட்டில் மருந்து. ஐந்து நாளில் மூன்று பதிவாயின. மூன்றும் இடது பொட்டு மடலிலிருந்தே, தழும்பு இருக்கும் அதே மூளைப் பகுதி.

2001இல் கனடாவில் 80 பேரிடம் நடந்த சோதனையில், ஒரு வருடம் கழித்து நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை செய்தவர்களில் 58 சதவீதம், மாத்திரையோடு மட்டும் இருந்தவர்களில் 8. இடது பக்கம் என்பதால் சொற்களின் நினைவு கொஞ்சம் குறையலாம் என்றும் ஸ்ரீசித்ராவில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குட்டிக் கதையைச் சொல்லி அரைமணி கழித்துத் திருப்பிக் கேட்டார்கள், பாதிதான் சொன்னான். "இருக்கதே பாதிதானேக்கா, அதுல எவ்வளவு போயிரும்?" என்றான் வெளியே வந்து.

தேதிக்காகக் காத்திருக்கிறோம். நோட்டு இரண்டாவது வாங்கியாயிற்று.