21 பெயர்கள்: எங்கள் நீச்சல் தடாகத்துக்காக அலைந்த எட்டு மாதங்கள்

வடமேற்கு லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் இருந்த, நீச்சல் தடாகமும் விளையாட்டு மண்டபமும் கொண்ட லெஷர் சென்ரரை உள்ளூராட்சிச் சபை மூடிவிட்டது. எழுபதுகளில் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில்தான் என் இரு பிள்ளைகளும் நீந்தப் பழகினார்கள். அதன் மண்டபத்தில்தான் ஞாயிறு காலைகளில் எங்கள் பூப்பந்தாட்டக் குழு விளையாடியது. செவ்வாய் மாலைகளில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முதன்முதலாகத் தடாகத்தில் இறங்கிய அக்காமார் பலரை நான் அங்கே கண்டிருக்கிறேன். மூடுவதைத் தடுக்க எட்டு மாதங்கள் அலைந்தும் எங்களால் முடியவில்லை. இதே நிலை நாளை வேறொரு ஊரில் வேறொரு குழுவுக்கு வரும் என்பதால், நாங்கள் எங்கெங்கே காலத்தை இழந்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதல் இழப்பு, சேதியைப் பிந்தி அறிந்தது. நுழைவாயிலில் ஒட்டப்பட்ட அறிவித்தலைப் பார்த்தே நாங்கள் விழித்தோம். ஆனால் சபையின் நிர்வாகக் குழு எடுக்கவிருக்கும் முக்கிய முடிவுகளின் பட்டியல், முடிவுக்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்பே சபையின் இணையத்தளத்தில் வெளியாக வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். எங்கள் சென்ரரின் பெயர் அதில் ஏற்கெனவே இருந்திருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு சபைக்கு நீச்சல் தடாகம் நடத்தும் அதிகாரம் மட்டுமே உண்டு, கடமை இல்லை. பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலையை முடிக்குமுன் 25 மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று தேசியப் பாடத்திட்டம் சொல்கிறது. நீந்துவதற்கு ஒரு தடாகம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சபையைக் கட்டாயப்படுத்தவில்லை. 'நடத்த வேண்டும்' என்பதற்கும் 'நடத்தலாம்' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தக் கிழமைதான் நான் உணர்ந்தேன்.

2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டத்தின்படி, ஊர் மக்கள் ஒரு கட்டடத்தைச் 'சமூக மதிப்புடைய சொத்து' என்று பட்டியலில் சேர்க்கும்படி கேட்கலாம். சபைக்கே சொந்தமான கட்டடமானாலும் கேட்கலாம். பதிவு செய்யப்படாத ஒரு குழு கேட்பதானால், அந்தச் சபையின் எல்லையிலோ அண்டைச் சபையின் எல்லையிலோ வாக்காளராகப் பதிந்த 21 உறுப்பினர்கள் அதில் இருக்க வேண்டும். எங்களிடம் 27 கையெழுத்துகள் இருந்தன. கட்டடத்தின் எல்லையைக் காட்டும் வரைபடமும், எதற்காக அது ஊருக்கு வேண்டும் என்ற நான்கு பக்க விளக்கமும் இணைத்து அனுப்பினோம். சபை எட்டுக் கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஐந்தாவது கிழமையில், விண்ணப்பம் செல்லாது என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. 27 பேரில் 18 பேரை மட்டுமே வாக்காளர் இடாப்பில் கண்டார்களாம். யார் அந்த ஒன்பது பேர் என்று கேட்டதற்கு, தனிப்பட்ட விபரங்களைத் தர முடியாது என்றார்கள்.

அரைநாள் லீவு போட்டுக்கொண்டு சபை அலுவலகத்துக்குப் போனேன். முன்பதிவு இல்லாமல் இடாப்பைப் பார்க்க முடியாது என்று வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பினார்கள். தொலைபேசியில் முதல் நாள் பேசிய அதிகாரி அதைச் சொல்லியிருந்தால் அந்த லீவு மிஞ்சியிருக்கும். மறுமுறை போனபோது ஓர் ஊழியர் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, முழு இடாப்பையும் புரட்ட விட்டார்கள். படம் எடுக்கவோ பிரதி எடுக்கவோ கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம் என்பதே விதி. ஆகவே கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். வீதிப்பெயர் வரிசையில் தேட வேண்டியிருப்பதால் எல்லோருடைய முகவரியையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணித்தியாலத் தேடலில் கிடைத்த விடைகளைத் தமிழர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். மூன்று பேர் வீடு மாறியபின் புதிய முகவரியில் பதியவே இல்லை. ஓர் அண்ணர் சுவிஸ் பிரஜை என்பதால் அவருக்கு இங்கே வாக்குரிமையே இல்லை. பிரான்சிலிருந்து 2022இல் குடிவந்த இன்னொருவர், ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகளின் வாக்குரிமையில் 2024 மே மாதம் வந்த மாற்றத்துக்குப் பிறகு உரிமையை இழந்தவர். ஒருவர் அண்டைச் சபையின் எல்லையில் வசிப்பவர். சட்டப்படி அவர் பெயர் செல்லும், ஆனால் அந்த இடாப்பை எவரும் பார்க்கவில்லை. மீதி மூவர் இடாப்பில் இருந்தார்கள்! தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு அவர்கள் பதிந்திருக்க, எங்கள் படிவத்திலோ தங்கள் பெயரையும் தலைப்பெழுத்தையும் மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கக்கூடிய காரியத்துக்கு எங்கள் விண்ணப்பத்தையே தள்ளிவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. கையெழுத்து வாங்கும்போது, வாக்காளர் அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். 21 போதும் என்று நிற்காமல் நாற்பது பேரைச் சேருங்கள்.

பெயர்களைத் திருத்தி இரண்டாம் முறை விண்ணப்பித்தபோதும் ஒரு கேள்வி வந்தது: குழுவுக்கு மிஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளமாட்டார்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் எங்கே? பூப்பந்தாட்டக் குழுவிடம் மிஞ்சியதெல்லாம் இறகுப்பந்து வாங்கவே போதாது; ஆனாலும் ஒரு பக்க யாப்பு எழுதி, கூட்டம் போட்டு, நிறைவேற்றி அனுப்பினோம். பட்டியலில் சேர்த்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

அந்தக் கடிதம் வந்தபோது சென்ரர் மூடி மூன்று கிழமை ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய அடி, பட்டியல் எதைக் காக்கும் என்பதை நாங்கள் சரியாக வாசிக்காதது. சொத்தை விற்கவோ 25 ஆண்டுகளுக்குக் குறையாத குத்தகைக்கு விடவோ சபை முனையும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். மூடுவதையும் இடிப்பதையும் அது தடுக்காது. சபை விற்கவில்லை, இடிக்கத் தீர்மானித்தது. ஒரு மதுச்சாலையை இடிக்க 2017 முதல் முழுமையான திட்டமிடல் அனுமதி வேண்டும். பிள்ளைகள் நீந்தப் பழகும் தடாகத்துக்கு அந்தக் காப்பு இல்லை. எப்படி இடிப்பார்கள், இடித்தபின் நிலத்தை எந்த நிலையில் விடுவார்கள் என்ற இரண்டை மட்டுமே திட்டமிடல் பிரிவு 28 நாட்களுக்குள் ஆராயும். இடிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

அதற்குள் உள்ளே வேலைகள் வேகமாக நடந்தன. குளோரினை அகற்றித் தண்ணீரைக் கழிவுக் குழாய்க்கு விட்டார்கள், எரிவாயுவைத் துண்டித்தார்கள், யன்னல்களுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். தண்ணீரும் வெப்பமும் இல்லாமல் கிடக்கும் பழைய தடாகத்தில் ஓடுகள் கழன்றுவிடும், நிலத்தடி நீர் மேலே தள்ளினால் தொட்டியே அசையவும் கூடும் என்று எங்கள் குழுவிலுள்ள பொறியியலாளர் விளக்கினார். போராடுவதானால் தண்ணீர் உள்ளே இருக்கும்போதே போராட வேண்டும். மூடும் முடிவை நீதிமன்றத்தில் எதிர்ப்பதானாலும் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். நாங்கள் சட்டத்தரணியிடம் போனபோது அந்தக் கெடு கடந்துவிட்டிருந்தது.

இடிப்பு அறிவித்தலுக்கு நாங்கள் எழுதிய கடிதம் வீண்போகவில்லை. கட்டடத்தை மீட்பது பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை, எழுதினாலும் அவர்கள் பார்க்கக்கூடாது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டு, 20 வேலைநாட் கெடுவைத் தாண்டி, இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு கிடைத்த ஆய்வறிக்கையில், கொதிகலன் அறையிலும் கூரையிலும் நுரையீரலுக்கு ஆபத்தான அஸ்பெஸ்டோஸ் இருப்பது எழுதப்பட்டிருந்தது. மதிலுக்கு அப்பால் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. அதைக் காட்டி, பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக வாகனங்கள் வராது என்றும், அஸ்பெஸ்டோஸ் அகற்றும் வேலை விடுமுறையில் முடியும் என்றும் எழுத்தில் வாங்கினோம். பெண்களுக்கான நீச்சல் நேரத்தை மூன்று மைல் தள்ளியுள்ள தடாகத்தில் தொடரவும் சபை இணங்கியது. இரண்டு பஸ் மாற வேண்டும். முன்பு வந்த அக்காமாரில் பாதிப்பேர்தான் அங்கே போகிறார்கள்.

நிலம் விற்பனைக்கு வருமானால், அறிவித்தலிலிருந்து ஆறு கிழமைக்குள் நாங்கள் வாங்க முயல்வதாகத் தெரிவித்து, ஆறு மாத அவகாசத்தைப் பெறலாம். கட்டடம் போனபின் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிடச் சபை முயலக்கூடும். ஆகவே ஒவ்வொரு கிழமையும் பட்டியலைப் பார்க்கிறேன். பெயரை முன்மொழிய 21 பேர் கொண்ட சாதாரணக் குழு போதும், ஆனால் அவகாசம் கேட்க அது போதாது. அறநிலையமாகவோ சமூக நல நிறுவனமாகவோ பதிந்திருக்க வேண்டும். இந்த முறை பிந்தவில்லை. கார்டிஃபிலுள்ள நிறுவனப் பதிவகத்துக்குப் படிவங்களை அனுப்பிவிட்டோம், பதிவுச் சான்றிதழ் போன கிழமை வந்து சேர்ந்தது. பணிப்பாளர்களின் பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து எழுதியிருந்தேன்.