தரங்கம்பாடியிலிருந்து ஹாலேக்கு

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பெட்டியை நிறுத்துப் பார்த்தால் 26 கிலோ. விமானத்தில் 23 தான் அனுமதி. அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். முதலில் நார்த்தங்காய் ஊறுகாய், அப்புறம் ஒரு போர்வை, அப்புறம் பருப்புப்பொடியில் பாதி. நான் வேதாகமத்தைப் பெட்டியில் வைக்கப் போனபோது மட்டும் தடுத்தார். "அது கைப்பையில போகட்டும். பெட்டி தொலைஞ்சாலும் அது தொலையக் கூடாது" என்றார்.

அன்று குடும்ப ஜெபத்தில் அப்பா 121-ஆம் சங்கீதம் வாசித்தார். எங்கள் வீட்டில் யார் தூரதேசம் போனாலும் அந்தச் சங்கீதம்தான். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற இடத்தில் அப்பாவுக்குக் குரல் அடைத்துவிட்டது. மீதியை அம்மாச்சி புத்தகம் பார்க்காமலே சொல்லி முடித்தார். பிறகு என் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். "நாங்க தூங்கிட்டா என்ன கண்ணு, அவரு முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு" என்றார் கடைசியில்.

சென்னை விமான நிலையத்தில் டிக்கெட் இருப்பவர்களை மட்டுமே உள்ளே விடுவார்கள். வாசலிலேயே விடைபெற வேண்டும். அம்மா அழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவே வேண்டாம், தெரியும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் என் பெட்டி வரவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. கைப்பையோடு ரயில் ஏறி, நான் படிக்க வந்த ஜெர்மன் நகரமான ஹாலேக்குப் போனேன். விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, விரிப்பு இல்லாத மெத்தை. போட்டிருந்த ஸ்வெட்டரோடு படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்தேன். 121-ஆம் சங்கீதத்தின் பக்கத்தில் ஒரு குருத்தோலைச் சிலுவை இருந்தது. குருத்தோலை ஞாயிறன்று அம்மாச்சி மடித்தது. காய்ந்து பழுப்பேறி, ஒரு முனை லேசாகப் பிரிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். இங்கே ஒன்றரை என்றால் ஊரில் காலை ஐந்து. அம்மா எழுந்து, விளக்கைப் போட்டு, ஜெபத்துக்கு உட்காரும் நேரம். என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்திருப்பார். அந்த நினைப்பில் அழுதேன். அழுதபடியே தூங்கியும் போனேன். ஏக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் போகவில்லை. ஆனால் தனியாகக் கிடக்கிறேன் என்ற பயம் அன்றோடு போனது.

ஹாலேயை நான் தேர்ந்தெடுத்தது மண்ணியல் படிக்கத்தான். ஆனால் அந்தப் பெயர் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தரங்கம்பாடியில் வளர்ந்த எந்த லுத்தரன் பிள்ளைக்கும் தெரியும். ஹாலேயில் படித்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று எங்கள் கடற்கரையில் வந்து இறங்கினார். ஏழு மாதத்துக்கு மேல் கடலில். எனக்குப் பத்து மணி நேரம்கூட நீளமாகத் தெரிந்தது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டையானது. அடுத்த ஆண்டே, 36 வயதில், இறந்துபோனார். அவரை அடக்கம் செய்ததும் அந்த ஆலயத்துக்குள்ளேதான். அதே ஆலயத்தில்தான் நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்தேன். சிறுவயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர் அவர் என்று டீச்சர் சொல்லும்போது அப்போது பெரிதாகத் தோன்றியதில்லை. இங்கே வந்த பிறகு தோன்றுகிறது.

முதல் மாதமே ஃபிராங்கே நிறுவனங்களுக்குப் போனேன். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் 1698-இல் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் கொண்ட பெரிய வளாகம். முன்கட்டடத்தின் உச்சியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கின்றன. கீழே ஒரு வசனம். எனக்கு ஜெர்மன் அவ்வளவு வராது. எழுத்துக்கூட்டி ஏசாயா 40:31 என்று கண்டுபிடித்ததும் அடுத்த நொடி தமிழில் வாய்க்கு வந்துவிட்டது: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து..." எங்கள் வீட்டுச் சுவரில் வருடா வருடம் தொங்கும் காலண்டரில் எத்தனை முறை பார்த்த வசனம்!

மிஷனரிகள் தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகளை இந்த வளாகத்தில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓலையின் நிறம், என் கைப்பையில் இருந்த அம்மாச்சியின் குருத்தோலையின் அதே நிறம். எங்கள் ஊர் அச்சகத்துக்கு 1713-இல் போன தமிழ் எழுத்துகளையும் இங்கேதான் வார்த்தார்கள்.

ஆனால் அன்று என் மனதில் நின்றவர் மலையப்பன். 1714-இல் சீகன்பால்க் ஐரோப்பா திரும்பியபோது கூடவே வந்த தமிழர் அவர். 1716-இல் அவரோடு ஊர் திரும்பினார். 300 ஆண்டுக்கு முன்னால் என் ஊரிலிருந்து கிளம்பி, இந்தக் குளிருக்கு வந்து நின்ற ஒருவர். ஃபோன் இல்லை. ஒரு கடிதம் போய்ச் சேரவே கப்பலுக்குப் பல மாதம் ஆகும். வீட்டில் யாராவது செத்தாலும் தெரியாது. அவருக்கு வந்த ராத்திரிகளை நினைத்துப் பார்த்தேன். அந்தச் சங்கீதத்தைத் தவிர வேறு எதைப் பிடித்துக்கொண்டிருப்பார்?

அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆனது. ஒரு மணி நேரம்தானே, ஆனால் வீடு இன்னும் தள்ளிப் போன மாதிரி இருந்தது. பிறகு அதிலும் ஒரு நன்மை கண்டேன். நான் படித்து முடித்துப் பன்னிரண்டரைக்குப் படுக்கிறேன். சரியாக அப்போது அம்மா ஐந்து மணி ஜெபத்துக்கு உட்காருகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஜெபிக்கும்போது அங்கே எல்லோரும் தூங்கப் போகிறார்கள். யாராவது ஒருவர் விழித்திருக்கிறோம். இருவரும் அசந்துபோனால், அம்மாச்சி சொன்னதுதான்.

டிசம்பர் நடுவில் தம்பி கூப்பிட்டான். அம்மாச்சி கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, நாளைக்கு ஆபரேஷன் என்றான். நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள் அவை. டிக்கெட் விலையைப் பார்த்து மடிக்கணினியை மூடினேன். என்ன வார்த்தை சொல்லி ஜெபித்தேன் என்று நினைவில்லை. "ஆண்டவரே, நீர் முழிச்சிரும்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவர் கோவிலுக்கு நடக்கப் பல மாதம் ஆகும் என்றார்கள். எழுபது வருடத்தில் ஞாயிறு ஆராதனை தவறாதவர்.

அந்த வாரம் மார்க்கெட் சதுக்கத்து ஆலயத்துக்குப் போனேன். எங்கள் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தர் பிரசங்கித்த இடம், இசைமேதை ஹாண்டல் ஞானஸ்நானம் பெற்ற இடம். ஆராதனையில் பாதி புரியவில்லை. முடிவில் எல்லோரும் எழுந்து ஒரே குரலில் எதையோ சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த ஏற்ற இறக்கத்தில் புரிந்துவிட்டது: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." நான் தமிழில் சேர்ந்துகொண்டேன். அப்போது மேலே கோபுரத்தில் ஒரு மணி அடிக்கத் தொடங்கி, ஆமென் வரை அடித்தது. பக்கத்தில் நின்ற பாட்டி பிறகு விளக்கினார்: கோவிலுக்கு வர முடியாமல் வீட்டில் இருப்பவர்கள் கேட்டு, அங்கிருந்தே சேர்ந்து ஜெபிக்கத்தான் அந்த மணி.

மதியம் வீடியோவில் அம்மாச்சியிடம் சொன்னேன். படுத்தபடியே கேட்டுவிட்டு, "எத்தனை மணிக்கு அடிக்கும்?" என்றார். பத்து ஐம்பது வாக்கில் என்றேன். தம்பி கணக்குப் போட்டு, நம் ஊருக்கு மூன்று இருபது என்றான்.

இப்போது ஞாயிறுதோறும் மூன்று இருபதுக்கு அம்மாச்சியைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரம் மறுபடி மாறும். அன்றிலிருந்து இரண்டு இருபது என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.