கிரிகுவா தூணின் தேதியைப் பிளாஸ்டரில் செதுக்கிப் பார்த்தேன்

மூன்றாவது பலகை உடையாமல் காய்ந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்கள் கட்டிய நகரங்களில் நிற்கும் செதுக்குத் தூண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலிருக்கும் தேதியை நானே படித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செதுக்கிப் பார்ப்பது என்று ஜூன் மாதம் தொடங்கினேன். படிக்கட்டுப் பிரமிடுகளை அட்டையில் செய்து பார்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த எழுத்துகள்மேல்தான் கண்.

தேர்ந்தெடுத்த இடம் கிரிகுவா. குவாத்தமாலாவில், மோட்டாகுவா ஆற்றுச் சமவெளியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர். டிக்கல் என்ற இன்னொரு மாயா நகரத்தைப் போல மரங்களுக்கு மேலே தலை நீட்டும் கோயில்கள் இங்கே கிடையாது. ஆனால் மாயாக்கள் நட்ட செதுக்குத் தூண்களிலேயே உயரமானது இங்கேதான் நிற்கிறது. ஒரே மணற்கல், மொத்த நீளம் 10.6 மீட்டர். மண்ணுக்குள் புதைந்தது போக வெளியே தெரிவதே ஏழரை மீட்டருக்கு மேல். ஆய்வாளர்கள் தூண்களுக்கு ஆங்கில எழுத்துகளையே பெயராக வைத்துவிட்டதால் இது 'ஈ' தூண். இவ்வளவு பெரிய கல்லுக்குத் தமிழில் ஈ என்று பேர் வந்துவிட்டது, என்ன செய்வது.

இதை நட்டவர் கக் திலிவ் சான் யோபாத் என்ற அரசர். அதுவரை தெற்கே இருந்த கோபான் என்ற மாயா நகரத்துக்கு அடங்கிக் கிடந்த ஊர் கிரிகுவா. 738ஆம் ஆண்டில் இவர் கோபான் அரசரைப் பிடித்துத் தலையை வாங்கிவிட்டார். பெரிய பெரிய தூண்கள் எல்லாம் அதற்கப்புறம் எழுந்தவை. 'ஈ' தூணின் வடக்கு, தெற்கு முகங்களில் அவர் உருவம்; கிழக்கு, மேற்குப் பக்கங்களில் எழுத்து.

முதலில் கிழக்குப் பக்கத் தேதி. ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற எண்ணிக்கைதான் அது. ஐந்து இடங்களில் 9, 17, 0, 0, 0. புள்ளி ஒன்றுக்கு 1, கோடு ஒன்றுக்கு 5, பூச்சியத்துக்குத் தனிக் குறி. மாயாக்கள் இருபது இருபதாக எண்ணுவார்கள் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் எல்லா இடத்தையும் இருபதால் பெருக்கிக்கொண்டே போனேன். 15,76,000 நாட்கள் வந்தது. எண்ணிக்கை தொடங்கும் நாளான கிமு 3114 ஆகஸ்டிலிருந்து அத்தனை நாள் தள்ளினால் 1202ஆம் ஆண்டு வருகிறது. கிரிகுவாவில் மன்னர்கள் யாரும் இல்லாமல் போய் வெகுகாலம் ஆன பிறகு!

ஒரு சனிக்கிழமை முழுக்க இதோடு மல்லுக்கட்டினேன். கோளாறு இரண்டாவது படியில் இருந்தது. 20 கின் (நாள்) சேர்ந்தால் ஒரு வினால். ஆனால் துன் என்பது 20 வினால் இல்லை, 18 வினால்தான். அதாவது 360 நாள், கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. அதற்கு மேலே மறுபடியும் இருபதுதான்: 20 துன் ஒரு கதுன், 7,200 நாள். 20 கதுன் ஒரு பக்துன், 1,44,000 நாள். திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பக்துன் 12,96,000, பதினேழு கதுன் 1,22,400, ஆக 14,18,400 நாட்கள். 771ஆம் ஆண்டு ஜனவரி. அப்பாடா.

இதைச் சரிபார்க்கக் கல்லிலேயே வழி இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஐந்து எண்களுக்குப் பின்னால் அந்த நாளின் பெயரும் மாதமும் வரும். 1 முதல் 13 வரை எண்களும் 20 நாள்பெயர்களும் சேர்ந்து சுழல்வது ஒரு பஞ்சாங்கம். 20 நாள் கொண்ட 18 மாதமும் கடைசியில் 5 நாளும் சேர்ந்த 365 நாள் ஆண்டு இன்னொன்று. எண்ணிக்கை தொடங்கிய நாள் 4 அஹாவ் 8 கும்கு (அஹாவ் நாள்பெயர், கும்கு மாதம்). 14,18,400ஐ 13ஆல் வகுத்தால் மீதி 9, அதோடு 4 சேர்த்தால் 13. இருபதால் வகுத்தால் மீதி இல்லை, எனவே நாள்பெயர் அதே அஹாவ். 365ஆல் வகுத்தால் மீதி 10, கும்கு எட்டு பதினெட்டாகிறது. ஆக 13 அஹாவ் 18 கும்கு. கல்லிலும் அதேதான்! சமையலறைக்குப் போய் வீட்டாரிடம் சொன்னேன். "சரி, சாப்பிட வாங்க" என்றார்கள்.

அடுத்தது செதுக்கல். முதல் பலகைக்குப் பொடியைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினேன். கட்டி கட்டியாகி, உள்ளே காற்றுக்குமிழ்களும் மாட்டிக்கொண்டு, கோடு போடும்போதே இரண்டாகப் போனது. தண்ணீரில்தான் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். ஊறவிட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். இறுகிய பிறகும் ஈரம் இருக்கும்போதே செதுக்கினால் வெண்ணெய் மாதிரி வருகிறது. காய்ந்துவிட்டால் பொருக்கு பொருக்காக உதிர்கிறது.

உளி என்று எதுவும் வாங்கவில்லை. உடைந்த ஹேக்ஸா பிளேடு, காம்பஸ் முள், பழைய டூத்பிரஷ், உப்புத்தாள், அவ்வளவுதான். இந்தத் தூண்களைச் செதுக்கியவர்களிடம் ஹேக்ஸா பிளேடுகூட இல்லை. உலோகக் கருவியே இல்லாமல் கல்லைக் கல்லால் செதுக்கியிருக்கிறார்கள். கோபானில் கிடைப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய மிருதுவான கல் என்பதால் அங்கே உருவங்கள் கிட்டத்தட்ட முழுச் சிலையாகவே வெளியே வந்து நிற்கின்றன. கிரிகுவா மணற்கல் அவ்வளவு இடம் கொடுக்காது. முகத்தைத் தவிர மற்றதெல்லாம் தட்டையான புடைப்புதான். பிளாஸ்டர்காரனுக்கு இது பெரிய உதவி. ஆல்ஃப்ரெட் மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் 1883இல் கிரிகுவாவுக்குப் பிளாஸ்டர் கொண்டுபோய் அச்சு எடுத்தார். அவர் எடுத்த வார்ப்புகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதனால் பிளாஸ்டரில் செய்வது ஏமாற்று வேலை இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கல்லில் உள்ளதை அப்படியே எடுக்கும் அளவுக்குக் கை வராது. அதனால் கால அளவுகளுக்கு எளிய குறிகளையும் எண்களுக்குக் கோடு, புள்ளிகளையும் வைத்து என் அளவுக்குச் சுருக்கி வரைந்துகொண்டேன். இரண்டாவது பலகையில் 17 அருமையாக வந்தது: மூன்று கோடு, இரண்டு புள்ளி. மாயா சிற்பிகள் இரண்டு புள்ளிக்கு நடுவே வெற்றிடம் விடமாட்டார்கள், ஒரு பிறையோ குறுக்குக் கோடோ போட்டு நிரப்புவார்கள். நானும் ஒரு பிறை போட்டேன். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் புடைப்பு நன்றாகத் தெரியும். அப்படிப் பிடித்து ஒன்பதாவது படிக்கும் மகளிடம் காட்டினேன்.

"இது பதினெட்டுதானேப்பா?"

என் பிறை மழுங்கிப் புள்ளியாகவே ஆகிவிட்டிருந்தது. கதுன் ஒன்று கூடி, தேதி இருபது ஆண்டு தள்ளிப் போய்விட்டது. கீறி ஆழப்படுத்தப் பார்த்ததில் ஓரம் பெயர்ந்தது. பலகை குப்பைக்குப் போனது.

மூன்றாவது பலகைக்கு மேற்குப் பக்கத் தேதியை எடுத்தேன். 9, 14, 12, 4, 17. நாள் 12 கபான் 5 கயாப். இந்த முறை செதுக்கும் முன்பே கணக்குப் போட்டேன். 3 கபான் 10 கயாப் என்று வந்தது. மறுபடி போட்டேன், அதேதான். தூண் எழுத்துகளின் வரைபடத்தைத் தப்பாகப் படித்திருப்பேன், பிறையை விட்டுவிட்டிருப்பேன் என்று மூன்று நாள் மாலை வேளைகள் போயின.

கடைசியில் துன் இடத்தில் 12க்குப் பதில் 13 வைத்துப் பார்த்தேன். 14,01,577 நாட்கள், 12 கபான் 5 கயாப். அச்சாகப் பொருந்தியது. பிறகு தேடினால், சில்வேனஸ் மோர்லி என்ற ஆய்வாளர் 1915லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். தவறு கல்லில்! பக்கத்தில் நிற்கும் 'எஃப்' தூணில் இதே தேதி 13 துன்னோடு சரியாக இருக்கிறது. அது அரசர் பட்டமேறிய நாள், 724 முடிந்து 725 பிறக்கும் சமயம். அரசர் பட்டமேறிய நாளையே பத்து மீட்டர் கல்லில் ஓர் ஆண்டு குறைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். யாராவது கவனித்தார்களா, கவனித்தும் அரசரிடம் சொல்ல வாய் வரவில்லையா? நட்ட பிறகு திருத்தவும் முடியாது. புள்ளியைச் சேர்க்க இடம் எங்கே இருக்கப் போகிறது.

என் பலகையில் எதைப் போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். 12தான் போட்டேன். நடுவில் பிறை, இந்த முறை நன்றாகக் குழித்து. மகளிடம் காட்டினேன், பன்னிரண்டு என்றுதான் படித்தாள். கீழ் மூலையில் சின்ன விரிசல் ஒன்று இருக்கிறது, ஃபெவிகால் தடவி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.