தடைக்காலத்தில் பனிமலை: பேசிக் கோர்ஸ் போய்வந்த அனுபவம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த 61 நாளும் பெரிதாக வேலை இருக்காது. மலையேற்ற பேசிக் கோர்ஸ் 28 நாள். ரயிலும் பஸ்ஸும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேல் லீவு வேண்டும். வேறு எந்தச் சமயத்திலும் முதலாளி தர மாட்டார். நல்லவேளை, மலைக்கும் அதுதான் சீசன். பருவமழைக்கு முன்னால் மே, ஜூன். மழை விட்ட பிறகு செப்டம்பர், அக்டோபர்.

எனக்கு மலை கைடு ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கு நம் நாட்டில் இருக்கிற நேரான வழி இந்தப் பயிற்சி நிறுவனங்கள்தான். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கியது ஒன்று. டென்சிங் நார்கே அங்கே பயிற்சிக்குத் தலைமை வகித்தவர். மணாலியில் ஒன்று இருக்கிறது. நான் போனது உத்தரகண்ட் மாநிலம் உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்துக்கு. பேசிக்கில் ஏ கிரேடு வாங்கினால்தான் அட்வான்ஸ் கோர்ஸ், அதிலும் ஏ வாங்கினால் பயிற்றுநர் கோர்ஸ். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும் என்பதால் பதிவு திறந்ததுமே போட்டுவிட வேண்டும். மருத்துவச் சான்றிதழ் படிவத்தை நீட்டியபோது எங்கள் தெரு டாக்டர் என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒழுங்காகவே சோதித்துக் கையெழுத்துப் போட்டார்.

உடம்பைத் தயார் செய்வதுதான் பாடு. நம்ம பக்கம் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் முன் விடியற்காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓட்டம்; சாயங்காலம் முதுகுப் பையில் தண்ணீர் கேன்களை வைத்துக்கொண்டு ஹவுசிங் போர்டு மாடிப்படி. ஏறுவதை விட இறங்குவதைப் பழகுங்கள். அங்கே முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். பனி பூட்ஸ், கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனி வெட்டும் கோடரி), ஸ்லீப்பிங் பேக் எல்லாம் அங்கேயே தருவார்கள், கடை கடையாக அலைய வேண்டாம். முடிச்சு போடுவதில் மட்டும் எனக்குக் கவலை இல்லை. வலையும் வடமும் பார்த்து வளர்ந்த கை, போலைன் முடிச்சை இருட்டிலும் போடும்.

வீட்டில் சம்மதம் வாங்கியது தனிக் கதை. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா மலையில் பனிச்சரிவில் பயிற்சிக் குழு சிக்கிய செய்தியை அப்பா டிவியில் பார்த்திருக்கிறார். 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அதில் இறந்தார். நான் போவதும் அதே மலையின் பக்கம்தான் என்று மறைக்காமல் சொன்னேன். அப்பா விசைப்படகு டிரைவர். ஒன்றுதான் கேட்டார்: "மேகம் கட்டுனா திரும்பி வந்துடுவாரா உங்க வாத்தியாரு?"

சென்ட்ரலில் ரயில் ஏறி டெல்லி, அங்கிருந்து ரிஷிகேஷ், பிறகு பாகீரதியை ஒட்டியே உத்தரகாசி. முதல் பகுதி தேக்லாவில் பாறை ஏற்றம். அதில் சொல்ல அதிகமில்லை. விரல் நுனி தேயும், பயம் சீக்கிரம் போய்விடும். அடுத்து புக்கி கிராமத்திலிருந்து மூட்டையோடு நடந்து டோக்ரியாணி பனியாறு, அதாவது மலையில் மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டிப் பரப்பு.

அங்கே போன பிறகுதான் பனியைப் பார்க்கக் கற்றேன். எங்கள் கம்பெனியில் ஐஸ் பாரை அடித்தால் எங்கே பிளக்கும் என்று சத்தத்திலேயே தெரியும். பனியாறு அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. விடிவதற்கு முன் கிராம்பான் 'கிர்ரிச்' என்று பிடித்துக்கொள்ளும் இறுகிய பனி, வெயில் ஏறியதும் தொடை வரை உள்வாங்குகிறது. கிராம்பானுக்கு அடியில் ஈரப்பனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஐஸ் ஆக்ஸின் தண்டால் அவ்வப்போது தட்டி உதிர்க்காவிட்டால் வழுக்கிவிடும். அதனால்தான் நடு இரவில் எழுப்பி, ஹெட் டார்ச் வெளிச்சத்தில் கிளப்புகிறார்கள்.

பயிற்றுநர்களை அங்கே 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிட வேண்டும். கடைசி உயர ஏற்றத்தின்போது ஒரே கயிற்றில் கட்டி ஏறிக்கொண்டிருந்த எங்களை உஸ்தாத் பாதி வழியில் நிறுத்தினார். முந்தின நாள்தான் பனி கொட்டியிருந்தது. ஐஸ் ஆக்ஸால் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மேலே மாவு போலப் புதுப்பனி, கீழே கெட்டியான பழைய பரப்பு. இரண்டும் ஒட்டவில்லை, கையால் லேசாக இழுத்ததும் மேல் அடுக்கு பலகையாக நழுவி வந்தது. இறங்குங்கள் என்றார். வானம் பளிச்சென்று இருந்தது. கூட வந்த சிலருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் குழி ஒன்றுக்கே கட்டின பணம் சரியாகிவிட்டது.

அன்று கூடாரத்தில் அவர் சொன்னது: முன்பெல்லாம் தேதியை வைத்தே பாதை போடுவோம், இப்போது ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் பனி குறைவாக விழுந்தால் பனியாற்று வெடிப்புகளை மூடும் பனிப்பாலம் மெல்லியதாகிறது, சீக்கிரமே உடைகிறது. கயிறு கட்டாமல் ஓரடி கூட வைக்காதே என்று அவர்கள் கத்துவது சும்மா இல்லை.

ஏ கிரேடு கிடைத்தது. கையோடு பனிச்சறுக்கும் படித்துவிடலாம் என்று உத்தரகண்டிலேயே இருக்கிற ஔலியில் ஜனவரி வகுப்பில் சேர்ந்தேன். பனியே விழவில்லை, தள்ளிவைத்தார்கள். மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள்தான் அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருகின்றன; அவை பலவீனமானால் சரிவெல்லாம் வெறும் புல். காஷ்மீரின் குல்மார்க்கிலேயே 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரி 22லிருந்து மார்ச் 9க்குத் தள்ளிப் போயின. ஆகவே சறுக்கப் போகிறவர்கள் ஜனவரியை நம்பாதீர்கள். பிப்ரவரி நடுவில் தேதி பாருங்கள். ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. அதற்குள் பனி எப்படி என்று அங்கே யாரிடமாவது போன் போட்டுக் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. தேதி மாறினால் பணம் திரும்ப வருமா என்பதை வகுப்பில் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வாய்வார்த்தைதான் கிடைத்தது, பணம் இன்னும் வரவில்லை.