சித்திர வகுப்பும் ஆமிடேல் ஓவியங்களும்

அறுபதுகளின் இறுதியில் நமது கல்லூரியில் சித்திரம் கற்ற நாங்கள், அசல் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றைக் கண்ணாற் கண்டதில்லை. வாத்தியார் பழைய நாட்காட்டிகளிலிருந்து வெட்டிக் காட்டிய அச்சுப்படங்களே எமக்கு ஓவியங்களாயிருந்தன. அவற்றைக் கொண்டே நான் திறமைச் சித்தியும் பெற்றுவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, மகள் அவுஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திற் பயின்றபோது, சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தொலைவில், குளிர் மிகுந்த மேட்டுநிலத்திலுள்ள ஆமிடேல் நகருக்குச் சென்றேன். அச்சிறு நகரின் ஓவியக்கூடத்தில் அவுஸ்திரேலிய ஓவியர் ரொம் ரொபேட்ஸ் 1894 இல் வரைந்த மொஸ்மன் குடா ஓவியத்தின் முன் நின்றபோதுதான், வண்ணத்துக்குத் தடிப்பும் உண்டென்பது எனக்கு விளங்கியது.

அதனை வழங்கியவர் ஹவார்ட் ஹின்ரன். 1867 இல் இங்கிலாந்திற் பிறந்து, 1892 இல் சிட்னிக்கு வந்து, கப்பல் கம்பனியொன்றிற் பணிபுரிந்த அவர், திருமணம் செய்யாமல் விடுதி அறையொன்றில் எளிமையாக வாழ்ந்தவர். இளமையில் கடற்கரை முகாம்களில் ஓவியர்களோடு பழகியவர். சம்பளத்தின் மிச்சத்தில் ஓவியங்களை வாங்கினார். 1928 இல் ஆமிடேலில் ஆரம்பமான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு, அடுத்த ஆண்டு முதல் 1948 இல் இறக்கும்வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை அனுப்பிவைத்தார். சிட்னிக் கலைக்கூடத்துக்கும் அவர் கொடுத்தவரே. எனினும், நாட்டுப்புறப் பள்ளிகளுக்குப் போகவிருந்த இளம் ஆசிரியர்கள், 1880 முதலான அவுஸ்திரேலிய ஓவியத்தின் வளர்ச்சியை அன்றாடம் கண்டு பழகவேண்டுமென விரும்பினார். வகுப்புக்குப் போகும் வழியிலுள்ள சுவர்களிலேயே அவை தொங்கின. தலைநகரக் கலைக்கூடத்துக்கு ஒருமுறை அழைத்துச்சென்று காட்டுவதைவிட இது எவ்வளவோ மேலான கல்வி என்பேன்.

1983 இல் திறக்கப்பட்ட பிரதேச ஓவியக்கூடத்தில், கலைச் சேகரிப்பாளர் சாண்ட்லர் கொவென்ற்றி வழங்கிய தற்காலப் படைப்புகளோடு, ஹின்ரன் தொகுப்பும் இன்று காக்கப்படுகிறது. பாதுகாப்புக்கு அதுவே சரி. ஆயினும், படிக்கட்டில் ஏறும் மாணவன் எதிர்பாராமல் ஓர் ஓவியத்தின் முன் தரித்து நிற்கும் வாய்ப்புப் போய்விட்டதே என்ற குறை எனக்குண்டு.

நமது பழைய மாணவர் சங்கத்தின் சென்ற செயற்குழுக் கூட்டத்தில், கல்லூரிக்கு வாங்கும் கணினிகளோடு ஆண்டுக்கு ஓர் அசல் ஓவியத்தையும் வாங்கிக் கல்லூரி நூலகச் சுவரில் மாட்டலாமென்று சொன்னேன். கறையானுக்கும் மாரிகால ஈரத்துக்கும் என்ன செய்வதென்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி, விடையறிய அந்த ஓவியக்கூடத்தாருக்கு எழுதியிருக்கிறேன்.